சைட் எடுக்க செக்ஸ்டன்ட்டா, செயலியா?

வணிகக் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது கப்பலோட்டும் பிரிவின் பயிற்சி அதிகாரியாக, சேரவிருக்கும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "பிரிட்ஜில் இரண்டு ஜிபிஎஸ் கருவிகளும் எக்டிஸ் திரையும் இருக்கும்போது, சூரியனையும் விண்மீன்களையும் பார்த்துக் கப்பலின் இடத்தைக் கணிக்கும் முறையை இன்னும் ஏன் படிக்க வேண்டும்? படித்தே ஆக வேண்டும் என்றால், செக்ஸ்டன்ட், குரோனோமீட்டர், நாட்டிகல் அல்மனாக், நோரிஸ் அட்டவணை ஆகியவற்றோடு மல்லுக்கட்டத்தான் வேண்டுமா, கைப்பேசிச் செயலியும் கால்குலேட்டரும் போதாதா?" (பிரிட்ஜ் என்பது கப்பலை இயக்கும் அறை; எக்டிஸ், மின்னணுக் கடல் வரைபடத் திரை; செக்ஸ்டன்ட், கோணம் அளக்கும் கைக்கருவி; குரோனோமீட்டர், கப்பலின் துல்லியக் கடிகாரம்; நாட்டிகல் அல்மனாக், வான்பொருள்களின் இடத்தைத் தரும் பஞ்சாங்கம்; நோரிஸ், கணக்குக்கான அட்டவணைப் புத்தகம். இப்படி வான்பொருளை அளந்து இடமறிவதைத்தான் மாலுமிகள் சைட் எடுப்பது என்கிறார்கள்.)

கேள்வியின் முதல் பாதிக்கு ஒரு விபத்தைச் சொன்னாலே போதும். 1995 ஜூன் மாதம் 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. துறைமுகத்தை விட்ட சிறிது நேரத்திலேயே அதன் ஜிபிஎஸ் ஆண்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நின்றுவிடவில்லை, செயற்கைக்கோள் கிடைக்காததால், திசையையும் வேகத்தையும் மட்டும் வைத்துத் தானே ஓர் உத்தேச இடத்தைக் கணித்துக் காட்டத் தொடங்கியது. தானியங்கிச் சுக்கான் அந்த எண்களை நம்பியே கப்பலை ஓட்டியது. சுமார் 34 மணி நேரத்துக்குப் பிறகு, ஜூன் 10 இரவு, நான்டக்கெட் தீவின் கிழக்கே ஒரு மணல்திட்டில் கப்பல் தரைதட்டியபோது, அது தன் பாதையிலிருந்து ஏறத்தாழ 17 கடல் மைல் விலகியிருந்தது. அதே பிரிட்ஜில், கரையிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு இடமறியும் லோரான் கருவி ஒன்றும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. அதன் எண்களை யாரும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பத்து மைலுக்கு மேற்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க மீட்டர் கணக்கில் துல்லியம் தேவையில்லை. முதல் கருவியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிந்தைய காலத்தில் இதைவிட மோசமான வகை ஒன்றும் வந்துவிட்டது. 2017 ஜூனில் கருங்கடலில், நோவோரோசிய்ஸ்க் அருகே இருந்த பல கப்பல்களின் ஜிபிஎஸ் கருவிகள், அவை நிலத்தில் உள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கேபிள் கழன்றதல்ல, யாரோ பொய்யான சமிக்ஞையை அனுப்பியதுதான் காரணம் என்றே துறையினர் முடிவு கட்டினர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கப்பலில் இரண்டு ஜிபிஎஸ் கருவிகள் இருந்தால், இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும்.

இனி இரண்டாம் பாதி. பழைய கருவியா, மின்னணுக் கருவியா என்று மொத்தமாகக் கேட்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. வானத்தைக் கொண்டு இடமறிவதில் நான்கு தனித்தனி வேலைகள் உள்ளன. வானில் உள்ள ஒரு பொருள் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளப்பது ஒன்று. அளந்த கணத்தில் கிரீன்விச்சில் மணி என்ன என்று அறிவது இரண்டாவது. அந்தக் கணத்தில் அந்தப் பொருள் பூமியின் எந்தப் புள்ளிக்கு நேர் மேலே இருந்தது என்று பார்ப்பது மூன்றாவது. இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வரைபடத்தில் ஒரு நிலைக்கோட்டை இடுவது நான்காவது. இந்த நான்கிலும் மின்னணுக் கருவிகள் ஒரே அளவுக்கு வெல்லவில்லை. சிலவற்றில் பழைய கருவியைத் தூக்கி வைத்துவிடலாம். ஒன்றில் மட்டும் இன்றுவரை அதற்கு மாற்று இல்லை.

நான்கும் ஒரே துண்டுப் பலகையில் அடங்கியிருந்த காலமும் உண்டு. அரபு மாலுமிகள் கமால் என்றும், நம் பக்கத்து மாலுமிகள் இராப்பலகை என்றும் அழைத்த கருவியை எண்ணிப் பாருங்கள். சிறிய செவ்வக மரப்பலகை, அதன் நடுவில் துளையிட்டுக் கட்டிய கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைப்பாக நிற்கும்படி பலகையை முன்னே நீட்டி, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ விண்மீனையும் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தின் அட்சரேகை. போக வேண்டிய ஊரின் முடிச்சுக்கு விண்மீன் பொருந்தும் வரை வடக்காகவோ தெற்காகவோ ஓடி, பிறகு அந்த உயரம் மாறாமல் கிழக்காகவோ மேற்காகவோ திரும்பினால் ஊர் வந்துவிடும். அளவைக்கு அவர்கள் வைத்திருந்த அலகு விரல், அரபியில் இஸ்பா. ஒரு விரல் என்பது ஏறத்தாழ 1 பாகை 36 கலை. (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, மணிக்கணக்கின் நிமிடத்தோடு குழம்பாமல் இருக்க இந்தப் பழஞ்சொல்லையே இங்கு பயன்படுத்துகிறேன். ஒரு கலை உயர மாறுதல் கடலில் ஒரு கடல் மைலுக்கு, அதாவது 1,852 மீட்டருக்குச் சமம்.) இங்கே பஞ்சாங்கமும் கணக்கும் முடிச்சுக்குள்ளேயே இருக்கின்றன, கடிகாரம் தேவையே இல்லை. ஆனால் அதன் பலன் அட்சரேகையோடு முடிந்துவிடுகிறது. மேலும் துருவ விண்மீன் இன்று துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதுபோல அன்று இருக்கவில்லை. அரபு மாலுமி இப்னு மாஜித் கடலோடிய 15ஆம் நூற்றாண்டில் மூன்று பாகைக்கு மேல் விலகியிருந்தது. சோழர் கப்பல்கள் ஓடிய 11ஆம் நூற்றாண்டிலோ ஆறு பாகை அளவுக்கு. ஆகவே விண்மீன் தன் வட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அறிந்து திருத்தம் செய்யும் அறிவு மாலுமியின் தலையில் இருந்தாக வேண்டும்.

இப்போது முதல் வேலைக்கு, கோணம் அளப்பதற்கு வருவோம். செயலி ஆர்வலர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆடும் கப்பலில் நின்றுகொண்டு கோணம் அளப்பதில் உள்ள இடர், கையும் தளமும் ஆடுவது. 1731இல் ஜான் ஹாட்லி லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய இரட்டைப் பிரதிபலிப்புக் கருவி இந்த இடரை நேராக எதிர்க்காமல், அது ஒரு பொருட்டே இல்லாதபடி செய்துவிட்டது. சூரியனின் பிம்பம் இரண்டு கண்ணாடிகளில் பட்டு, தொடுவானத்தின் அருகே வந்து உட்காருகிறது. கருவி ஆடினால் இரண்டும் ஒன்றாகவே ஆடுகின்றன. அவற்றின் இடைவெளி மாறுவதில்லை. அதனால்தான் கை நடுங்கும்போதும், சற்றுப் பழக்கம் இருந்தால், ஒரு கலையின் சில பத்தில் பங்குகள் வரை அளக்க முடிகிறது. இரண்டு பிரதிபலிப்பு என்பதால் கண்ணாடி நகரும் கோணத்தைப் போல இரு மடங்கை, கருவியின் அடியில் பாகைகள் குறித்த வில் காட்டுகிறது. வட்டத்தில் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வில்லில் 120 பாகை வரை குறித்திருப்பதும், கருவிக்கு இந்தப் பெயர் வந்ததும் இதனால்தான்.

கைப்பேசிச் செயலியோ தொடுவானத்தை நம்புவதில்லை. தன்னுள் இருக்கும் முடுக்கமானி எதைச் செங்குத்து என்று சொல்கிறதோ அதை நம்புகிறது. நிலத்தில் அசையாமல் நின்றால் அது சரி. ஆனால் உருண்டு புரளும் கப்பலில் புவியீர்ப்பையும் கப்பலின் அசைவையும் முடுக்கமானியால் பிரித்தறிய முடியாது. நீர்மட்டக் குமிழியை வைத்து அளந்த விமான செக்ஸ்டன்ட்டுகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அதற்காகவே இரண்டு நிமிடம் தொடர்ந்து அளந்து சராசரி எடுப்பார்கள். செங்குத்தில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிழை என்றாலே 6 மைல் போய்விட்டது. விண்மீனைத் தானே தேடிப் பிடித்துப் பகலிலும் பின்தொடரும் கருவிகள் இல்லாமலில்லை. எஸ்ஆர்-71 உளவு விமானத்தில் அப்படி ஒன்று இருந்தது, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் டிரைடன்ட் ஏவுகணையும் விண்மீனைப் பார்த்தே தன் பாதையைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் அவற்றோடு, அசைவையும் சாய்வையும் தானே கணக்கிடும் நுண்மையான நிலைமக் கருவியும் சேர்ந்தே வர வேண்டும். நீங்கள் சேரப்போகும் சரக்குக் கப்பலில் அது இருக்காது. ஆக, அளக்கும் வேலைக்கு செக்ஸ்டன்ட்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செக்ஸ்டன்ட்டுக்கும் பலவீனம் உண்டு; அது கருவியில் இல்லை, தொடுவானத்தில் இருக்கிறது. செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் சூடான காற்றும் நீரும் சேர்ந்து ஒளியை வழக்கத்துக்கு மாறாக வளைப்பதால், தொடுவானம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. திறமையாக எடுத்த சைட்டும் சில மைல் தவறலாம். ஜிபிஎஸ் குழப்பப்படுவதாக அண்மை ஆண்டுகளில் அடிக்கடி செய்தி வருவதும் இதே இரண்டு கடல்களிலிருந்துதான் என்பது மாலுமிக்கு வாய்த்த வினை. நல்ல வேளையாக அங்கே கரையும் ராடாரும் தொலைவில் இல்லை.

நேரம் அறியும் வேலையில் பழைய கருவி முழுமையாகத் தோற்றுவிட்டது, அதற்காக வருந்த வேண்டியதும் இல்லை. பூமி 4 விநாடியில் ஒரு கலை சுழல்கிறது; எனவே கடிகாரத்தின் ஒரு விநாடிப் பிழை நடுக்கோட்டில் கால் மைல் தீர்க்கரேகைப் பிழை. கடலில் தீர்க்கரேகை அறிவதற்காக ஜான் ஹாரிசன் செய்த நான்காம் கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட பயணத்தில் தன் திறமையைக் காட்டியபோது அது ஓர் அதிசயம். இன்று நம் கையில் கட்டியிருக்கும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் அந்த அளவுத் துல்லியத்தைச் சாவி கொடுக்காமலே தருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சைட்டுக்கான நேரத்தை ஜிபிஎஸ் திரையிலிருந்தே எடுத்தால், எந்தக் கருவியைச் சோதிக்கிறோமோ அதையே சாட்சிக்கும் அழைத்ததாகிவிடும். கைக்கடிகாரம் ஒரு நாளில் எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று சில வாரம் குறித்து வாருங்கள். கடிகாரம் தவறுவது குற்றமில்லை. தினமும் ஒரே அளவில் தவற வேண்டும்.

பஞ்சாங்க வேலையிலும் மின்னணுவுக்கே என் வாக்கு, ஒரு நிபந்தனையோடு. நாட்டிகல் அல்மனாக் 1767ஆம் ஆண்டுக்காக முதன்முதலில் வெளிவந்தது. அதைத் தொகுக்க முன்கை எடுத்தவர் நெவில் மாஸ்கலைன். சூரியன், சந்திரன், நான்கு கோள்கள், 57 தேர்ந்த விண்மீன்கள் ஆகியவற்றின் இடத்தை இன்றைய அல்மனாக் தருகிறது. அதையே ஒரு மென்பொருள் நூற்றாண்டுக் கணக்கில் தரும். ஆனால் அச்சுப் புத்தகம் ஒன்றும் கப்பலில் இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை; அது நனைந்தாலும் காய வைக்கலாம். பழைய அல்மனாக்கையும் எறிந்துவிடாதீர்கள்: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் எண்கள் ஏறத்தாழ அப்படியே திரும்பி வருவதால், நான்கு ஆண்டு பழைய புத்தகம் அவசரத்துக்குச் சூரியனின் அளவில் போதுமானது.

கணக்கில்தான் விவாதமே. முதலில் மிக எளிய கணக்கு ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்போம். டிசம்பர் 21 நண்பகல், சோழமண்டலக் கடல். சூரியன் தெற்கே உச்சிக்கு வருகிறது. செக்ஸ்டன்ட் காட்டுவது 55 பாகை 20.0 கலை. கருவியின் தொடக்கப் பிழை (பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் அது காட்டும் அளவு) 1.5 கலை கூடுதல், அதைக் கழிக்கிறோம். நாம் கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் நிற்பதால் தொடுவானம் தாழ்ந்து தெரிகிறது; மீட்டரின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கினால் 7.0 கலை, அதையும் கழிக்கிறோம். அளந்தது சூரியனின் கீழ் விளிம்பை என்பதால் பாதி விட்டத்தைக் கூட்டி, ஒளிவிலகலைக் கழித்து, சுமார் 15.6 கலை சேர்க்கிறோம். உண்மை உயரம் 55 பாகை 27.1 கலை. 90இலிருந்து கழித்தால் 34 பாகை 32.9 கலை. அன்று சூரியன் நடுக்கோட்டுக்குத் தெற்கே 23 பாகை 26 கலை. அதையும் கழித்தால் கப்பலின் அட்சரேகை வடக்கு 11 பாகை 6.9 கலை, மேற்கே நேராக ஓடினால் பூம்புகாருக்குச் சற்றுத் தெற்கே கரை தென்படும். கூட்டல் கழித்தலைத் தவிர இதில் எதுவும் இல்லை. நண்பகல் அட்சரேகைக்குக் கால்குலேட்டரைத் தேடுபவரைக் கண்டால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும்.

நண்பகல் அல்லாத நேரத்தில் கோள முக்கோணத்தைத் தீர்க்க வேண்டும். 1837இல் அமெரிக்கக் கேப்டன் தாமஸ் சம்னர், ஒரே ஒரு சைட் ஒரு புள்ளியை அல்ல, ஒரு கோட்டைத் தருகிறது என்று கண்டதும், 1875இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சாந்தில்லேர் அந்தக் கோட்டை இடும் எளிய வழியைச் சொன்னதும்தான் இன்றுவரை நாம் செய்வதற்கு அடிப்படை. உத்தேச இடத்தில் நின்றால் விண்மீன் எந்த உயரத்தில் தெரிய வேண்டும் என்று கணித்து, அளந்த உயரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை கலை வேறுபாடோ அத்தனை மைல் விண்மீனை நோக்கியோ விலகியோ கோட்டை நகர்த்துகிறோம். இதற்குச் சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள எந்தக் கால்குலேட்டரும் போதும். அட்டவணை வழியில் ஒரு சைட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் கால்குலேட்டரில் இரண்டு நிமிடம். செயலியில் சில விநாடி. இந்தக் கணக்கின் விடைகளைத் தயாராகத் தரும், ஆறு தடித்த தொகுதிகளாக உள்ள 229ஆம் எண் அட்டவணையைத் தூக்கித் திரியச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன்.

ஆனால் கருவி எப்படித் தவறுகிறது என்பதைப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு ஜூன் மாதம், கணக்குப் போடும் நிரலில் முந்தைய நாளின் தேதியை மாற்றாமல் விட்டுவிட்டு இரண்டு நாள் நண்பகல் அட்சரேகை கணித்தேன். விடை அழகாகப் பொருந்தியது. ஜூன் 21ஐ ஒட்டிய ஓரிரு நாள்களில் சூரியனின் விலக்கம் (நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் கோணம்) நாளுக்கு ஒரு கலை அளவில்கூட மாறுவது அரிது என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. இதே மறதி மார்ச்சில் நேர்ந்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 24 மைல் தவறியிருக்கும். புத்தகத்தைத் திறந்து தேதியின் மேல் விரல் வைத்துப் படித்திருந்தால் இப்படி நேர்ந்திராது என்று சொல்லமாட்டேன்; நேர்ந்திருந்தால் பக்கத்தின் மேலேயே தேதி கண்ணில் பட்டிருக்கும். வடக்கைத் தெற்காகக் கொடுப்பது, 20 கலையை 0.20 பாகையாகத் தட்டுவது, உள்ளூர்த் தேதியைக் கிரீன்விச் தேதி என்று எண்ணுவது ஆகியவை எல்லோரும் செய்யும் பிழைகள். கையால் நூறு கணக்குப் போட்டவருக்கு விடையைப் பார்த்ததுமே, உயரம் இவ்வளவு வரச் சாத்தியமில்லையே என்று உறுத்தும். அந்த உறுத்தலுக்காகத்தான் அட்டவணையை ஒருமுறை முழுமையாகப் படிக்கச் சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் அதிலேயே கிடக்கச் சொல்லவில்லை.

நம் கடலுக்கே உரிய ஓர் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சென்னையின் அட்சரேகையில் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாள்களில் நண்பகலில் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சில நிமிடங்களில் தாவிவிடும். எந்தப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து அளப்பது என்றே புதியவர் தடுமாறுவார். ஆனால் இதைவிட எளிய கணக்கும் இல்லை. உயரம் 89 பாகை 20 கலை என்றால், சூரியனுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து நாம் 40 மைல் தொலைவில் இருக்கிறோம். அல்மனாக்கிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்து, 40 மைல் ஆரத்தில் காம்பஸால் ஒரு வட்டம் போடலாம். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அந்தப் புள்ளி மேற்கே முப்பது, நாற்பது மைல் ஓடியிருக்கும். மீண்டும் அளந்து இன்னொரு வட்டம், பிறகு மூன்றாவது. வட்டங்கள் வெட்டும் இடமே கப்பல். அட்டவணையும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

விண்மீன் சைட்டில் நிலைமை தலைகீழ். தொடுவானமும் விண்மீனும் ஒன்றாகத் தெரியும் அந்திப்பொழுது வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ 25 நிமிடமே நீடிக்கும். அதற்குள் ஆறேழு விண்மீன்களை அளக்க வேண்டுமானால், எது எந்தத் திசையில் எந்த உயரத்தில் தெரியும் என்ற பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இதைத் தயாரிப்பதில் மென்பொருளுக்கு நிகரில்லை. மற்றபடி வானம் நமக்கு அந்நியமல்ல: அல்மனாக்கின் 57இல் நம் சித்திரை, சுவாதி, ரோகிணி, கேட்டை, மகம், திருவாதிரை, திருவோணம் எல்லாமே வேறு பெயர்களில் இருக்கின்றன, ஸ்பைகா, ஆர்க்டூரஸ், அல்டெபரான் என்று மனப்பாடம் செய்யத் திணறும் மாணவர்களுக்கு ஜாதகத்தில் பார்த்த பெயர்களைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதிகள் அதிகாரிகளிடம் வான்பொருள்களைக் கொண்டு இடமறியும் திறனைக் கேட்கின்றன. 2010 மணிலா திருத்தங்களுக்குப் பிறகு மின்னணு அல்மனாக்கையும் கணிப்பு மென்பொருளையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டுதலில் இடமுண்டு. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இடையில் நீக்கியிருந்த இந்தப் பாடத்தை 2015இல் திரும்பக் கொண்டுவந்தது. கப்பலிலோ, இடமறிய யாரும் சைட் எடுக்காத வாரங்களிலும் ஒரு வான் கணிப்பு மட்டும் தவறாமல் நடக்கும்: சூரியனின் திசையைக் கணித்துத் திசைகாட்டியின் பிழையைக் குறிப்பேட்டில் எழுதுவது. கேடட் முதலில் தேற வேண்டியது அதில்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் மூன்று மாதம் செக்ஸ்டன்ட், அச்சு அல்மனாக், நோரிஸ், பென்சில் ஆகியவற்றை மட்டும் வைத்துச் சைட் எடுங்கள். கோடு இட்ட பிறகே ஜிபிஎஸ் இடத்தைப் பார்த்து, எத்தனை மைல் தவறினீர்கள் என்று எழுதி வையுங்கள். இந்த வசதி முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. தங்கள் சைட் எவ்வளவு தவறியது என்பது கரை தெரியும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு மைலுக்குள் தொடர்ந்து வரத் தொடங்கியதும் கணக்கைக் கால்குலேட்டரிடம் விட்டுவிடுங்கள். அந்தக் கால்குலேட்டர் கப்பல் மின்சாரத்தையோ இணையத்தையோ நம்பியிராமல், மாற்று மின்கலத்தோடு உங்கள் அலமாரியில் இருக்கட்டும். செக்ஸ்டன்ட்டை எடுக்கும்போது வில்லைப் பிடிக்காமல் சட்டத்தைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் தொடுவானத்தைப் பார்த்துத் தொடக்கப் பிழையைச் சரிபார்த்த பிறகே சூரியனிடம் போங்கள்.